ஆமெட் கரையில் எட்டு ஆரே

பாலிக்குப் போய் ஒரே ஊரில் ஒரு வாரத்துக்கு மேல் தங்கினால், யாராவது ஒருவர் வந்து நிலம் வேண்டுமா என்று கேட்டுவிடுவார். ஸ்கூட்டர் வாடகைக்கு விடுபவர் கேட்பார், துணி துவைத்துத் தரும் அக்கா கேட்பார். அவர்களுக்குத் தெரிந்த யாரோ ஒருவரின் மைத்துனருக்குக் கடலைப் பார்த்த மாதிரி எட்டு ஆரே இருக்கும். ஓர் ஆரே என்பது நூறு சதுர மீட்டர், நம் கணக்கில் கிட்டத்தட்ட இரண்டரை சென்ட். இருபது சென்ட், கடல் பார்த்த மனை, கைக்கு எட்டுகிற விலை. வேலைக்காகச் சுரபாயாவில் இருந்த காலத்தில் விடுமுறை கிடைக்கும்போதெல்லாம் நான் போய்க்கொண்டிருந்த ஆமெட்டிலும் இதே கதைதான். எனக்கும் ஆசை இல்லாமல் இல்லை. ஆனால் அந்த எட்டு ஆரே யாருடையது என்று கேட்கப்போய், கிடைத்த பதில்கள் ஒன்றோடொன்று சேரவே இல்லை. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஊரைச் சொல்லிவிடுகிறேன். பாலித் தீவின் கிழக்கு மூலையில் கராங்காசெம் மாவட்டம். பழைய ராஜாவின் நீர் அரண்மனையான திர்த்தா கங்காவைத் தாண்டி, சுலிக் சந்திப்பில் வலது பக்கம் திரும்பினால் கடற்கரைச் சாலை. ஆமெட், ஜெமெலுக், புனுத்தான், லிப்பா, செலாங், ஆஸ் என்று வளைவுக்கு ஒரு குடியிருப்பாக நீளும் அந்தக் கரை முழுவதையும் வெளியூர்க்காரர்கள் ஆமெட் என்றே சொல்லிவிடுகிறார்கள். படங்களில் பார்க்கும் பச்சை நெல் வயல் பாலி, சுலிக்கோடு முடிந்துவிடுகிறது. அதற்கப்புறம் காய்ந்த மலைச்சரிவு, மக்காச்சோளம், மரவள்ளி, பனை. ஆமாம், நம்ம பனைதான். ஏறிக் கள் இறக்குகிறார்கள், அதைக் காய்ச்சிச் சாராயமும் எடுக்கிறார்கள். கரையில் கறுப்பு மணலும் கூழாங்கல்லும். அதன்மேல் இரண்டு பக்கமும் மூங்கில் மிதவை கட்டிய ஜுகுங் படகுகள் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும்.

நான் தங்கியது புனுத்தானில், ஒரு மீனவக் குடும்பத்தின் வீட்டில். வீட்டுக்காரரை 'பிளி' என்று கூப்பிடுவேன். பாலியில் அண்ணனை அப்படித்தான் அழைப்பார்கள். அவர் பெயரைச் சொல்லப்போவதில்லை. சொன்னாலும் பெரிய பயனில்லை. முதல் பிள்ளை வயான், இரண்டாவது மாடே, மூன்றாவது ந்யோமான், நான்காவது கெத்துத் என்று பிறந்த வரிசையில் பெயர் வைக்கும் ஊர் அது. ஐந்தாவது பிறந்தால் மறுபடி வயானிலிருந்து தொடங்குவார்கள். ஒரே தெருவில் ஏழெட்டு வயான்கள் இருக்கும் ஊரில் பத்திரத்தில் இருக்கும் வயான் எந்த வயான் என்று கண்டுபிடிப்பதே ஒரு தனி வேலை என்று அங்கே ஒரு எழுத்தர் அலுத்துக்கொண்டார்.

பிளியின் வீட்டைச் சுற்றி மதில். உள்ளே வடகிழக்கு மூலையில் குடும்பக் கோயில், அதற்கு சங்கா என்று பெயர். வாசலருகே தரையில் உருண்டைக் கற்கள். பிள்ளைகள் பிறந்தபோது நஞ்சுக்கொடியைப் புதைத்த இடங்கள் அவை. இந்த மனை உங்களுடையதா என்று கேட்டேன். ஆமாம் என்றார். பத்திரம் இருக்கிறதா என்றேன். இது தேசாவின் மனை, இதற்கு எதற்குப் பத்திரம் என்றார்.

பாலியில் ஒவ்வொரு ஊரும் இரண்டு ஊர். ஒன்று அரசாங்கத்தின் ஊராட்சி. இன்னொன்று தேசா அடாட், அதாவது கோயிலும் மயானமும் வழக்காறும் சேர்ந்த மரபு ஊர். மரபு ஊருக்குத் தலைவர் பெண்டேசா, சட்டம் அவிக்-அவிக். குடியிருப்பு மனைகளில் பல இந்த மரபு ஊருக்குச் சொந்தம். குடும்பம் தலைமுறை தலைமுறையாக அங்கே வாழலாம், வீடு கட்டலாம், இடித்துக் கட்டலாம். பதிலுக்கு ஊர் வேலைக்கு ஆள் அனுப்ப வேண்டும்: கோயில் திருவிழாவுக்கு மூங்கில் வெட்ட, பிணம் தூக்க, கடலுக்குச் சாமி புறப்படும்போது குடை பிடிக்க. இந்தக் கடமையைச் செய்யாவிட்டால், அல்லது வாரிசில்லாமல் போனால், மனை ஊருக்கே திரும்பிவிடும். வெளியாருக்கு விற்க முடியாது. 2017-இல் ஜகார்த்தா அரசு இந்த மரபு ஊர்களையே நிலவுரிமை பெறத் தகுந்த அமைப்பாக ஏற்றுக்கொண்டது. அதாவது பத்திரம் எழுதினால் ஊர் பெயரிலேயே எழுதலாம். நம்மூர்க் கண்ணோடு பார்த்தால் இது உரிமையே இல்லை, வெறும் அனுபவ பாத்தியதை என்றுதான் தோன்றும். ஆனால் பிளியின் குடும்பத்தை அந்த மனையிலிருந்து யாரும் அசைக்க முடியாது. கடன்காரன்கூட. கடற்கரையில் கைமாறிய எத்தனையோ இடங்களைப் பார்த்த பிறகு எனக்கு இது மிகப் பலமான உரிமையாகவே படுகிறது.

பிளிக்கு இன்னொரு நிலமும் உண்டு. சாலைக்கு மேலே, சரிவில். அது குடும்ப நிலம், தாத்தா காலத்துத் தோட்டம். அதற்கு 'பிபில்' என்ற பழைய காகிதம் இருந்தது. டச்சுக்காரர் காலத்துத் தீர்வைக் கணக்கிலிருந்து வந்த துண்டுச்சீட்டு அது. சட்டப்படி வரி கட்டியதற்கான அடையாளம், அவ்வளவுதான். ஆனால் ஊரில் அதைத்தான் பட்டா மாதிரி பெட்டிக்குள் பூட்டி வைத்திருந்தார்கள். நாடு முழுவதும் இதே நிலைதான். மொத்தம் 126 மில்லியன் மனைகளும் வயல்களும் இருக்க, 2015 வாக்கில் பத்திரம் பெற்றவை 46 மில்லியன் மட்டுமே என்று ஜோகோ விடோடோ அதிபராக இருந்தபோது மேடைதோறும் சொல்லுவார். 2017-இலிருந்து ஊர் ஊராக மொத்தமாக அளந்து பதிவு செய்யும் திட்டம் வந்தது. புனுத்தானுக்கும் அளப்பவர்கள் வந்தார்கள். எல்லைக்கல் நட வேண்டிய நாளில் சித்தப்பா பிள்ளைகள், பெரியப்பா பிள்ளைகள் எல்லோரும் சரிவில் நின்றிருக்கிறார்கள். ஒரு பனைமரம் யார் பக்கம் என்பதில்தான் இழுபறி. கள் இறக்குபவர் வேறு ஆள், விளைச்சலில் பங்கு தருவதாக மரத்தை வாரத்துக்கு எடுத்தவர். அவரை யாரும் கூப்பிடவில்லை. மரம் கடைசியில் பிளியின் பக்கம் வந்தது. வாரக்காரர் பெயர் எந்தக் காகிதத்திலும் ஏறவில்லை.

என் எண்ணம் முழுக்க இந்த வாரக்காரரைச் சுற்றித்தான் ஓடுகிறது. ஒரு துண்டு மண்மேல் நாலைந்து பேருக்குப் பங்கு இருக்கும். அளந்து காகிதம் எழுதும்போது அதில் ஒருவர்தான் உரிமையாளர். மற்றவர்கள் பங்கு பொய்யென்று யாரும் சொல்வதில்லை. எழுத இடமில்லாமல் போகிறது, அவ்வளவே. ஆமெட்டில் இப்படி எழுதப்படாமல் போனவர்களில் பெரிய கூட்டம் உப்புக்காரர்கள்.

ஆமெட் உப்பு எடுக்கும் முறையைப் பார்த்தால் இவ்வளவு வேலையா என்று மலைப்பாக இருக்கும். கோடையில், மழை விட்ட மாதங்களில்தான் நடக்கும். கரையோரம் மண்ணைப் பாத்தியாகச் சமன் செய்து, தோளில் காவடி மாதிரி இரண்டு பக்கமும் கடல் நீரைச் சுமந்து வந்து, மழை தூவுவது போலத் தெளிப்பார்கள். வெயிலில் காயும். மறுபடி தெளிப்பார்கள். சில நாளில் மண்ணே உப்பேறிப் பொருபொருவென்று ஆகிவிடும். அந்த மண்ணைச் சுரண்டி, 'தின்ஜுங்' என்ற கூம்பு வடிகட்டிக்குள் கொட்டி, காலால் மிதித்து இறுக்கி, மேலே கடல் நீரை ஊற்றுவார்கள். கீழே சொட்டுச் சொட்டாக அடர்ந்த உப்புநீர் இறங்கும். அதை, தென்னை மரத்தை நெடுக்கில் பிளந்து குடைந்த தொட்டிகளில் ஊற்றி வெயிலில் வைப்பார்கள். கரையில் வரிசையாக அந்தத் தொட்டிகள் கால் உயரத் தாங்கிகளின் மேல் கிடக்கும். மூன்று நான்கு நாளில் ஓரத்தில் பூத்து நிற்கும் உப்பைத் தேங்காய்ச் சிரட்டையால் வழித்தெடுத்துக் கூடையில் நீர் வடிய வைப்பார்கள். கசப்பே இல்லாத உப்பு. நாக்கில் வைத்தால் தெரியும்.

இந்த வேலை செய்தவர்களில் பலருக்கு அந்தக் கரை சொந்தமில்லை. நான் பேசிய பெரியவர், எல்லோரும் 'பெக்காக்' என்று தாத்தா முறை சொல்லிக் கூப்பிடுபவர், அவருடைய அப்பா காலத்திலிருந்து ஒரே இடத்தில் உப்பு எடுத்தவர். நிலத்துக்காரர் மலைப்பக்கம் இருந்தார். பருவ முடிவில் விளைந்த உப்பில் ஒரு பங்கு அவருக்குப் போகும். எழுத்தில் ஒன்றுமில்லை. கடற்கரை மண்ணில் நெல் விளையாது, மாடு மேயாது, அதனால் நிலத்துக்காரருக்கும் அது ஒரு பொருட்டில்லாத இடமாகவே இருந்தது. பாலியில் சொத்துப் பிரிக்கும்போது கடற்கரைத் துண்டு இளையவனுக்கும் சாமர்த்தியமில்லாதவனுக்கும் போகும் என்று கதை சொல்வார்கள். 1990-களில் முக்குளிக்க வந்தவர்கள் அந்தக் கதையைத் தலைகீழாக்கிவிட்டார்கள். நிலத்துக்காரர் விற்றார். பெக்காக்குக்கு ஒரு பருவ அவகாசம் கொடுத்தார்கள். தொட்டிகளை எடுத்துக்கொண்டு போய் வீட்டுக்குப் பின்னால் போட்டார். அவருக்கு நிலத்துக்காரர்மேல் கோபம் இல்லை. "அவர் நிலம், அவர் விற்றார்" என்றார். எனக்குத்தான் கோபம் வந்தது.

அப்புறம் ஒரு வேடிக்கை நடந்தது. ஆமெட் உப்புக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. வேறு எங்கும் விளைந்த உப்பை ஆமெட் உப்பு என்று விற்க முடியாது. பெயருக்குப் பட்டா கிடைத்துவிட்டது, பாத்திக்குக் கிடைக்கவில்லை. இன்று அங்கே உப்பு எடுப்பவர்களை விரல்விட்டு எண்ணலாம். சிலர் விடுதிகளுக்கு நடுவே மிச்சமிருக்கும் துண்டுகளில் எடுக்கிறார்கள். அழகான சிறு பைகளில் அதை விருந்தினர்கள் வாங்கிப் போகிறார்கள்.

பெக்காக் ஏன் கேட்கவில்லை? பாதிக்கப்பட்டவர்கள் ஏன் கூடிப் பேசவில்லை? பிளியிடம் கேட்டபோது அவர் பேச்சை மாற்றினார். இன்னொரு நாள் அவராகவே சொன்னார், நிலம் கேட்பது என்பது அப்பாக்கள் காலத்தில் உயிர் போகிற விஷயம் என்று. 1960-இல் சுகர்ணோ காலத்தில் வந்த அடிப்படை நிலச் சட்டத்தின் 6-ஆம் பிரிவு, எல்லா நிலவுரிமைக்கும் சமூகக் கடமை உண்டு என்கிறது. அதே ஆண்டு நில உச்சவரம்பும் வந்தது. பொதுவுடைமைக் கட்சியும் அதன் விவசாயச் சங்கமும் உபரி நிலத்தைப் பிரித்துக் கொடு என்று ஊர் ஊராகக் கேட்டன. 1963 மார்ச் 17-இல் ஆகுங் எரிமலை பெரிதாக வெடித்து, அந்த ஆண்டு ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். கராங்காசெமின் வயல்கள் சாம்பலுக்கடியில் போயின, ஆயிரக்கணக்கானோர் சுலாவெசிக்கும் சுமத்ராவுக்கும் குடிபெயர்க்கப்பட்டார்கள். பசியும் நிலப் பூசலும் சேர்ந்து கொதித்துக்கொண்டிருந்த தீவில் 1965 இறுதியில் பொதுவுடைமைக்காரர்கள் என்று சொல்லப்பட்டவர்களைக் கொல்வது தொடங்கியது. சில மாதங்களில் ஏறக்குறைய 80,000 பேர், அதாவது இருபது பேரில் ஒருவர், கொல்லப்பட்டதாக வரலாற்றாய்வாளர்கள் கணக்கிடுகிறார்கள். அதற்குப் பிறகு முப்பது வருடம், 'உழுதவனுக்கும் ஒரு பங்கு' என்று வாய்விட்டுச் சொன்னவன்மேல் என்ன முத்திரை விழும் என்று எல்லோருக்கும் தெரியும். சட்டத்தில் 6-ஆம் பிரிவு இன்றும் இருக்கிறது.

காகிதமே இல்லாத ஒரு சொத்தை நன்றாகப் பங்கிட்டுக்கொண்ட ஊரும் பக்கத்திலேயே இருக்கிறது. ஆமெட்டிலிருந்து கொஞ்ச தூரத்தில் துலாம்பென். 1942 ஜனவரி 11-இல் லொம்போக் நீரிணையில் ஜப்பானிய நீர்மூழ்கி ஒன்று லிபர்ட்டி என்ற அமெரிக்கச் சரக்குக் கப்பலைத் தாக்கியது. அதை இழுத்துவந்து துலாம்பென் கரையில் ஏற்றிவிட்டார்கள். இருபது வருடத்துக்கு மேல் கரையில் கிடந்த அந்தக் கப்பலை 1963 வெடிப்பின் அதிர்வு கடலுக்குள் தள்ளியது. 120 மீட்டருக்கு மேல் நீளமான அந்த எலும்புக்கூடு இப்போது பவளம் மூடிக் கிடக்கிறது. உலகம் முழுவதிலுமிருந்து முக்குளிக்க வருகிறார்கள். காற்று உருளைகளைக் கூழாங்கல் கரை நெடுகச் சுமந்துபோவது ஊர்ப் பெண்கள்தான். சும்மாடு வைத்துத் தலையில் ஏற்றிக்கொள்வார்கள், சிலர் ஒரே நடையில் இரண்டு. வருபவர்கள் தாங்களே தூக்கிக்கொள்வதாகச் சொன்னாலும் வழக்கப்படி அது அவர்கள் வேலை, அவர்கள் கூலி. முறை வைத்து, குழுவாகச் செய்கிறார்கள். கப்பல் யாருடையது என்று அவர்கள் யாரையும் கேட்கவில்லை. நிலம் என்றால் மட்டும் ஏன் இது முடியவில்லை என்று கேட்டால், நிலத்தை விற்க முடியும், கடலடிக் கப்பலை விற்க முடியாது என்பதுதான் எனக்குத் தோன்றும் பதில்.

சரி, என் எட்டு ஆரேவுக்கு வருகிறேன். இந்தோனேசியாவில் முழு உரிமை, 'ஹக் மிலிக்', அந்நாட்டுக் குடிமகனுக்கு மட்டும்தான். வெளிநாட்டுக்காரர் குத்தகைக்கு எடுக்கலாம், குறிப்பிட்ட காலத்துக்கான பயன்பாட்டு உரிமை பெறலாம், கம்பெனி தொடங்கி அதன் பெயரில் கட்டட உரிமை வாங்கலாம். அதற்கு மேல் கிடையாது. ஆகவே தரகர் என்னிடம் சொன்ன வழி நமக்கு ரொம்பப் பழக்கமானது: பினாமி. உள்ளூர்க்காரர் பெயரில் கிரயம், அவருக்கு நான் கடன் கொடுத்ததாக ஒரு பத்திரம், அவர் எனக்குக் கொடுத்ததாக ஒரு அதிகாரப் பத்திரம், முடிந்தது. பாலியில் எத்தனையோ சொகுசு வீடுகள் இந்த மூன்று காகிதத்தின் மேல்தான் நிற்கின்றன. சட்டத்தின் 26-ஆம் பிரிவோ, மறைமுகமாக வெளிநாட்டாருக்கு நிலத்தை மாற்றினால் அந்தப் பரிமாற்றமே செல்லாது, நிலம் அரசுக்குப் போகும், கொடுத்த பணத்தையும் திரும்பக் கேட்க முடியாது என்கிறது. பணம் யார் கொடுத்திருந்தாலும் பத்திரத்தில் யார் பெயரோ அவரே உரிமையாளர் என்று உச்ச நீதிமன்றமும் 2020-இல் கீழ் நீதிமன்றங்களுக்குச் சுற்றறிக்கை அனுப்பியது. தரகர் சிரித்துக்கொண்டே எல்லோரும் இப்படித்தான் செய்கிறார்கள் என்றார். அது உண்மை. நான் வாங்கவில்லை. வாங்காததில் என் நேர்மையைவிட என் பயத்துக்குத்தான் பங்கு அதிகம்.

இன்னொரு தடையும் கண்ணெதிரே இருந்தது. 2016-இல் வந்த அதிபர் ஆணைப்படி, கடல் உச்சமாக ஏறும் கோட்டிலிருந்து குறைந்தது 100 மீட்டர் கரையோர ஒதுக்கம். ஆமெட்டின் பல வளைவுகளில் கடலுக்கும் மலைச்சுவருக்கும் நடுவே மொத்தமே அவ்வளவு இடம் இல்லை. சாலை, விடுதி, கோயில், படகு எல்லாம் அந்த நூறு மீட்டருக்குள்தான். படகு நிறுத்துவதற்கும் எழுதாத கணக்கு உண்டு. இந்தத் தென்னையிலிருந்து அந்தக் கல் வரை இன்ன குடும்பம். இரவு கடைசியில், இருட்டிலேயே சூரை பிடிக்கப் போனவர்கள், விடிந்து திரும்பும்போது தூரத்திலிருந்தே தங்கள் இடத்தைக் குறிவைத்து வருவார்கள். அங்கே சாய்வு நாற்காலி போட்டிருந்தால் அன்றைக்குச் சண்டைதான். இதில் மீனவர்கள் பெரும்பாலும் ஜெயிக்கிறார்கள். உப்புக்காரர்களுக்கு இல்லாத ஒன்று இவர்களுக்கு இருக்கிறது: சாமி. ஞெபி என்ற மௌன நாளுக்கு முன்னால் ஊரே சாமிகளைத் தூக்கிக்கொண்டு கடலுக்கு வரும் சடங்கு, மெலாஸ்தி. அதற்குக் கரை திறந்திருக்க வேண்டும். பெண்டேசா வந்து சொன்னால் எந்த விடுதியும் நாற்காலியை எடுத்துவிடும்.

கடலுக்கு இந்தக் கணக்கெல்லாம் கிடையாது. இதே மாவட்டத்தின் தெற்கில் சண்டிதாசா. 1970, 80-களில் கட்டடச் சுண்ணாம்புக்காகப் பவளப் பாறையை வெட்டியெடுத்தார்கள். அந்தச் சுண்ணாம்பில் விடுதிகளும் எழுந்தன. பாறை போனதும் அலை நேரே வந்து மணலைத் தின்றுவிட்டது. மணலுக்காக வந்த விடுதிகள் இப்போது கான்கிரீட் தடுப்புகளைப் பார்த்தபடி நிற்கின்றன. நிலச் சட்டத்தில் முழு உரிமை எப்போது அழியும் என்று ஒரு பட்டியல் உண்டு. அதில் ஒன்று, நிலமே அழிந்துபோனால். கடல் எடுத்துக்கொண்டால் பத்திரம் வெறும் காகிதம்.

இதற்குத் தலைகீழான கதையும் ஒன்று உண்டு. 2025 தொடக்கத்தில் ஜகார்த்தா பக்கம், தாங்கெராங் கடலில் 30 கிலோமீட்டர் நீளத்துக்கு யாரோ மூங்கில் வேலி போட்டிருப்பது செய்தியானது. தோண்டிப் பார்த்தால் கோஹோட் கிராமத்துக்கு எதிரே கடல் மேலேயே 263 கட்டட உரிமைப் பத்திரங்கள், 17 முழு உரிமைப் பத்திரங்கள். ஒருகாலத்தில் அது நிலமாக இருந்ததாம், பழைய வரிச்சீட்டு இருக்கிறதாம். மீனவர்கள் கூச்சலிட்டார்கள், கடற்படை வந்து வேலியைப் பிடுங்கியது, அமைச்சர் பத்திரங்களை ரத்து செய்யத் தொடங்கினார். அந்த வாரம் நான் பிளிக்குத் தொலைபேசினேன். அவர் சிரித்துச் சிரித்து, பெக்காக்கிடம் ஒரு பிபில் இருந்திருந்தால் கடலையே எழுதி வாங்கியிருக்கலாம் என்றார்.

எழுதப்படாதவர்களில் பெண்களும் உண்டு. பாலி வழக்கில் சொத்து ஆண் வழி. மகள் கல்யாணமாகிப் போனால் வேறு வீட்டுச் சங்காவைக் கும்பிடப் போகிறாள், அதனால் மண்ணும் இல்லை. 2010-இல் மரபு ஊர்களின் தலைமைப் பேரவை, மகளுக்கும் மகனுடைய பங்கில் பாதி உண்டு என்று முடிவெடுத்தது. புனுத்தானில் அதைக் கேள்விப்பட்டவர்களே குறைவு. பிளியின் மூத்த மகள் தென்பசாரில் கணக்கு எழுதும் வேலையில் இருக்கிறாள். சரிவு நிலத்தை அளந்தபோது நாள் முழுக்கக் கூட நின்று, அளவுகளைச் சரிபார்த்து, அதிகாரிகளிடம் பேசியது அவள்தான். பத்திரம் தம்பி பெயரில் வரும். தம்பி உல்லாசக் கப்பல் ஒன்றில் சமையலறை வேலை. அவனை அனுப்ப ஏஜென்டுக்குக் கட்டிய பணத்துக்காகத்தான் சாலையோரத் துண்டு குத்தகைக்குப் போனது.

அந்தத் துண்டில் இப்போது ஒரு வெள்ளைக்காரர் நாலு அறை கட்டி விட்டிருக்கிறார். முப்பது வருடக் குத்தகை, மொத்தப் பணமும் முதலிலேயே. பணம் ஏஜென்டுக்கும், பிளியின் அப்பாவைத் தகனம் செய்த சடங்குக்கும், ஊர்க் கடன் சங்கத்துக்கும் போய்ச் சேர்ந்துவிட்டது. குத்தகை முடிய இன்னும் நிறைய வருடம் இருக்கிறது. ஆனால் அந்த வெள்ளைக்காரர் இப்போதே நீட்டித்துக்கொள்ளக் கேட்கிறார், பழைய விலைக்குக் கொஞ்சம் மேலே. மகள் வேண்டாம் என்கிறாள். முடியும் தேதியில் கட்டடத்தோடு நமக்கு வரட்டும் என்பது அவள் வாதம். மகன் கப்பலிலிருந்து, கொடுத்துவிடுங்கள் என்று செய்தி அனுப்புகிறான். பிளி யாருக்கும் இல்லை என்று சொல்வதில்லை. கலுங்கான் பண்டிகை முடியட்டும், உட்கார்ந்து பேசலாம் என்கிறார். பாலி நாட்காட்டியில் கலுங்கான் 210 நாளுக்கு ஒருமுறை வந்துவிடும் என்பதை அந்த வெள்ளைக்காரர் இன்னும் கவனிக்கவில்லை போலிருக்கிறது, போன கலுங்கான் முடிந்ததும் மறுபடி வந்து கேட்டிருக்கிறார்.